நைட்ரஜன், ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு: பணியிடத்தில் மூச்சடைக்கும் வாயுக்களைக் கையாள முழுமையான வழிகாட்டி

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், ஆர்கானும் 0.93 விழுக்காடு இருக்கிறது. பிறந்த நாள் முதல் உள்ளிழுத்து வருகிற இந்த வாயுக்கள் ஒரு தொழிற்கூடத்தில் ஆளைக் கொல்லும் என்பதைப் பல மேற்பார்வையாளர்கள் படித்துத் தெரிந்து வைத்திருக்கிறார்களே தவிர, மனதார நம்புவதில்லை. அம்மோனியாவோ குளோரினோ கசிந்தால் மூக்கும் கண்ணும் எரிந்து ஆளை ஓட வைத்துவிடும். நைட்ரஜன், ஆர்கான், ஹீலியம் ஆகியவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. அவை நஞ்சு என்ற முறையில் உடலைத் தாக்குவதில்லை. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைத் தாம் நிரப்பிக்கொள்கின்றன, அவ்வளவே.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது உடலின் இயல்பு. மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அந்தத் தவிப்பை உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடுதான். நைட்ரஜன் நிறைந்த தொட்டிக்குள் ஒருவர் வழக்கம்போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கார்பன் டை ஆக்சைடு ஒழுங்காக வெளியேறிவிடும்; ஆகவே தவிப்பே தோன்றாது. காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. அது 16 விழுக்காட்டுக்கு அருகில் இறங்கும்போது நாடித் துடிப்பு கூடும், சிந்தனை மங்கத் தொடங்கும். 14க்குக் கீழே கை கால்கள் சொன்னபடி இயங்கா. ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்குத் தாம் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். 10க்குக் கீழே குமட்டலும் மயக்கமும் வரும். 6க்குக் கீழே ஒரு நிமிடத்துக்குள் நினைவிழப்பு, தொடர்ந்து மரணம். தூய நைட்ரஜனை ஓரிரு முறை உள்ளிழுத்தாலே போதும், நுரையீரல் இரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தருவதற்கு மாறாக, இரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை வெளியே விட்டுவிடும். ஆள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுவார்.

அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் 1992 முதல் 2002 வரை அந்நாட்டில் நடந்த நைட்ரஜன் மூச்சடைப்பு விபத்துகளைத் தொகுத்தபோது 85 நிகழ்வுகளில் 80 பேர் இறந்ததும் 50 பேர் காயமுற்றதும் தெரியவந்தது. காயமுற்றோரைவிட இறந்தோர் அதிகமாக இருக்கும் தொழில் விபத்து வகைகள் மிகச் சிலவே. உடல் எச்சரிக்காது என்பதால், உள்ளே போகலாமா என்ற முடிவை வெளியே நிற்கும்போதே, கருவியின் எண்ணை வைத்து எடுத்தாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

படி 1: வாயு எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள்

சிலிண்டர் அடுக்கியிருக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டியலை முடித்துவிடக் கூடாது. வாயு எந்தக் குழாயில் வருகிறது, எந்த முனையில் வெளியேறுகிறது, வெளியேறிய பின் எங்கே தங்குகிறது என்ற மூன்றையும் ஒவ்வோர் இடத்துக்கும் எழுதுங்கள். ஆர்கான் வெல்டிங் கூடம், லேசர் வெட்டு இயந்திரம், நொறுக்குத்தீனிப் பொட்டலங்களில் நைட்ரஜன் நிரப்பும் பகுதி, திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் அறை, ஆய்வகம் ஆகியவை யாருக்கும் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராத இடங்களில்தான் ஆபத்து அதிகம்.

சில ஆலைகளில் கருவிகளை இயக்கும் அழுத்தக் காற்று நின்றுபோனால் மாற்றாக நைட்ரஜன் தானாகவே அந்தக் குழாய்க்குள் வரும்படி இணைத்திருப்பார்கள். அப்போது அந்தக் குழாயில் இயங்கும் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு காற்றுக்கருவியும் தன்னைச் சுற்றி நைட்ரஜனை ஊதிக்கொண்டிருக்கும். சன்னல் மூடிய சிறு கட்டுப்பாட்டு அறைக்கு இதுவே போதும். அழுத்தக் காற்றுக் குழாயும் நைட்ரஜன் குழாயும் ஒரே அளவு இணைப்பு முனையைக் கொண்டிருந்தால், சுவாசக் காற்று என்று நினைத்து முகமூடிக் குழாயை நைட்ரஜனில் மாட்டிவிடும் விபத்து நேரும், நேர்ந்தும் இருக்கிறது. ஆகவே நைட்ரஜனுக்கு வேறெதிலும் பொருந்தாத இணைப்பு முனையை ஆலை முழுதும் பொருத்துங்கள். கரைப்பான் தொட்டிகளின் மேற்பரப்பை மூட நைட்ரஜன் விடப்படும் இடங்களில் தொட்டியின் மூச்சுக்குழாய் எங்கே திறக்கிறது என்று ஏறிப் பாருங்கள். மாடிப்படியை ஒட்டியோ, குளிரூட்டியின் காற்று இழுக்கும் வாயை ஒட்டியோ அது இருக்கக்கூடும்.

மூடிய இடம் என்றால் தொட்டியும் குழியும் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1998ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஹான்வில்லில் உள்ள யூனியன் கார்பைடு ஆலையில், 48 அங்குல விட்டமுள்ள ஒரு குழாயின் திறந்த வாயைப் புற ஊதா விளக்கால் பரிசோதிக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் படாதிருக்கக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைக் குழாய் வாயின் மேல் போர்த்தி, இருவர் அதற்குள் அமர்ந்தனர். தொலைவில் வேறொரு கருவிக்காக விடப்பட்ட நைட்ரஜன் அந்தக் குழாய் வழியே வந்துகொண்டிருந்ததை அவர்கள் அறியவில்லை. ஒருவர் இறந்தார், மற்றவர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். திறந்த வெளியில் ஒரு விரிப்பே மூடிய அறையை உண்டாக்கிவிட்டது. மழைக்காகத் தார்ப்பாய் கட்டுவது நம் தொழிற்கூடங்களில் அன்றாட வழக்கம் என்பதால் இந்த நிகழ்வைப் பணியாளர்களுக்கு விளக்கிச் சொல்வது நல்லது.

படி 2: எவ்வளவு வெளியேறினால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அறையின் கன அளவும் வாயுவின் கன அளவும் தெரிந்தால் போதும். நம் நாட்டில் பரவலாகப் புழங்கும் பெரிய ஆர்கான் சிலிண்டரில் சுமார் 7 கன மீட்டர் வாயு இருக்கும். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கன அளவு 48 கன மீட்டர். அந்த அறையை மூடிவைத்து ஒரு சிலிண்டர் முழுவதும் கசிந்து காற்றோடு நன்கு கலந்தால் ஆக்சிஜன் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே அது பற்றாக்குறைச் சூழல் எனக் கொள்ளப்படுகிறது. அதுவும் இது சீராகக் கலந்தால் கிடைக்கும் கணக்கு. ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனமானது என்பதால், காற்று அசையாத அறையில் தரையை ஒட்டிய ஆக்சிஜன் இதைவிட மிகக் குறைவாக இருக்கும். குனிந்து வேலை செய்பவரின் முகம் அங்கேதான் இருக்கும்.

திரவமாக வரும் வாயுக்களின் கணக்கு இன்னும் கடுமையானது. 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 690 லிட்டர் வாயுவாகும். திரவ ஆர்கானில் அது 800 லிட்டரைத் தாண்டும். ஆய்வகத்தில் ஒருவர் தனியாகத் தூக்கிச் செல்லும் 25 லிட்டர் கலன் கவிழ்ந்தால் 17 கன மீட்டர் நைட்ரஜன் எழும். மேலே சொன்ன அதே அறையில் ஆக்சிஜன் 14 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். திரவ நைட்ரஜன் 180 லிட்டர் கொள்ளும் ட்யூரா சிலிண்டர் என்ற பெரிய கலன் ஒன்றில் இருப்பது 120 கன மீட்டருக்கும் மேலான வாயு. இந்தக் கணக்கை ஒவ்வோர் அறைக்கும் போட்டு, முழுக் கசிவு நேர்ந்தால் ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போகும் அறைகளை எல்லாம் சிவப்புக் குறியிட்டு, அவற்றில் நிரந்தரமாக ஆக்சிஜன் அளவியும் இயந்திரக் காற்றோட்டமும் இல்லாமல் வாயுவை வைக்கக் கூடாது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். சிலிண்டரை அறைக்கு வெளியே வைத்துக் குழாய் மட்டும் உள்ளே வரச் செய்வது, கருவிகளுக்குச் செலவிடுவதைவிட மலிவான தீர்வாகப் பல இடங்களில் அமைந்துவிடும்.

படி 3: சேமிப்பு, இடமாற்றம், காற்றோட்டம்

சிலிண்டர்களைக் கூரை உள்ள, பக்கங்கள் திறந்த கொட்டகையில் சங்கிலியிட்டு நிறுத்திவைப்பது யாரும் அறிந்ததே. இந்திய வழக்கப்படி நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்தும் கொண்டது, ஆர்கான் நீலம், ஆக்சிஜன் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும் கொண்டது. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். வெயிலில் வெளுத்த சாம்பலும் தூசி படிந்த வெள்ளையும் மங்கிய விளக்கொளியில் ஒன்றுபோலவே தெரியும். கழுத்தில் ஒட்டிய சீட்டையும் உடலில் எழுதிய பெயரையும் படித்த பிறகே ரெகுலேட்டரைப் பொருத்த வேண்டும்.

பள்ளமான இடம், நிலவறை, வாகனக் குழி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு, திரவ நைட்ரஜன் ஆகிய எதையும் வைக்கக் கூடாது. நைட்ரஜன் வாயு அறை வெப்பநிலையில் காற்றைவிடச் சற்றே இலேசானது என்றாலும், மைனஸ் 196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவத்திலிருந்து புதிதாக எழும் குளிர்ந்த ஆவி கனமாக இருந்து தரையோடு ஊர்ந்து செல்லும். அப்போது தெரியும் வெண்புகை நைட்ரஜன் அன்று, காற்றின் ஈரம் உறைந்த மூடுபனி. புகை கலைந்த இடமும் ஆக்சிஜன் குறைந்த இடமாகவே இருக்கலாம்.

திரவ நைட்ரஜன் கலனை லிஃப்டில் ஏற்றும்போது ஆள் கூடவே போகக் கூடாது. கலனைத் தனியே அனுப்பி, இடைத் தளங்களில் யாரும் ஏறாதபடி லிஃப்டில் அறிவிப்பு மாட்டி, சேரும் தளத்தில் ஒருவர் காத்திருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிய காரில் உலர் பனிக்கட்டி எடுத்துச் செல்வதும் இதே வகை ஆபத்துதான். 1 கிலோ உலர் பனிக்கட்டி ஏறத்தாழ 540 லிட்டர் கார்பன் டை ஆக்சைடாக மாறும். 3 கன மீட்டர் கொள்ளும் கார் அறையில் வெறும் 165 கிராம் ஆவியானாலே அதன் அளவு, குறுகிய நேரத்துக்கு மட்டுமே ஏற்கப்படும் வரம்பான 3 விழுக்காட்டைத் தொட்டுவிடும்.

காற்றோட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கனமான வாயுவுக்கு உறிஞ்சும் வாய் தரைமட்டத்தில் இருக்க வேண்டும், ஹீலியத்துக்குக் கூரையை ஒட்டி இருக்க வேண்டும். உறிஞ்சிய வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே, ஆள் நடமாட்டமில்லாத பக்கம் விட வேண்டும். குளிரூட்டி இருப்பதைக் காற்றோட்டம் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. பிரித்துப் பொருத்தும் வகைக் குளிரூட்டிகள் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி வரச் செய்கின்றன. இன்னொன்று: தொட்டிக்குள் காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆக்சிஜன் 23.5 விழுக்காட்டைத் தாண்டினால் உடுத்திய துணியே ஒரு தீப்பொறியில் கொழுந்துவிட்டு எரியும். ஊதுவதென்றால் காற்றை மட்டுமே ஊத வேண்டும்.

படி 4: அளவிடும் கருவியை நம்பத்தக்கதாக வைத்திருங்கள்

ஆக்சிஜன் அளவியின் உள்ளிருக்கும் மின்வேதி உணரி, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காற்று பட்டுக்கொண்டே தேய்வது. பல வகைகளின் ஆயுள் ஈராண்டை ஒட்டியதே. ஆகவே கருவியின் மேல் உணரி மாற்றிய தேதியையும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் திறந்த வெளியில் கருவி 20.9 காட்டுகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், குறைந்த ஆக்சிஜன் உள்ள சோதனை வாயுவைக் காட்டி எண் இறங்குகிறதா, மணி ஒலிக்கிறதா என்றும் பாருங்கள். 20.9ஐயே எப்போதும் காட்டிக்கொண்டு உறைந்து போன கருவி, கருவியே இல்லாததைவிட மோசமானது.

சுவரில் நிரந்தரமாகப் பொருத்தும் அளவியின் எண், அறைக்கு வெளியே, கதவைத் திறக்கும் முன்பே தெரியும்படி இருக்க வேண்டும்; உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய எண்ணால் யாருக்கும் பயனில்லை. 19.5இல் ஒலிக்கும் மணியைக் கேட்டவுடன் வெளியேற வேண்டுமே ஒழிய, காரணம் தேடி நிற்கக் கூடாது.

நைட்ரஜன் விட்ட தொட்டியில் எரிவாயு அளவியின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வினையூக்கி வகை எரிவாயு உணரி வேலை செய்யவே ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் எண்ணெய் ஆவி நிறைய இருந்தாலும் அது பூச்சியத்தைக் காட்டலாம். இதனால்தான் முதலில் ஆக்சிஜன், அடுத்து எரிவாயு, கடைசியாக நச்சு வாயு என்ற வரிசையில் அளக்கச் சொல்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடுக்குத் தனி அளவி

கார்பன் டை ஆக்சைடை மற்ற மூன்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அது ஆக்சிஜனை இடம்பெயர்ப்பதோடு தானே உடலைப் பாதிக்கவும் செய்கிறது. எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 0.5 விழுக்காடு, குறுகிய நேரத்துக்கு 3 விழுக்காடு, 4 விழுக்காட்டிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என வகைப்படுத்துகிறார்கள். ஓர் அறையில் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் ஆக்சிஜன் 20.9இலிருந்து 19.9க்குத்தான் இறங்கும். 19.5இல் ஒலிக்க வேண்டிய ஆக்சிஜன் மணி ஒலிக்கவே ஒலிக்காது. ஆனால் உள்ளிருப்பவர் ஏற்கெனவே ஆபத்தில் இருப்பார். குளிர்பான ஆலை, மது வடிப்பாலை, குளிர்பதனக் கிடங்கு, உலர் பனிக்கட்டி அறை ஆகியவற்றில் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் கருவி தேவைப்படுவது இதனால்தான். ஜெனரேட்டர் அறைகளிலும் கப்பல் இயந்திர அறைகளிலும் தீயணைப்புக்காக வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, அறையை 34 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பும்படி வடிவமைக்கப்படுவது. அந்த அளவில் எவரும் பிழைக்க முடியாது. அத்தகைய அறைக்குள் பழுதுபார்க்கப் போகும் முன் வெளியேற்ற வால்வை இயந்திர முறையில் பூட்டி, சாவியை உள்ளே போகிறவரே வைத்திருக்க வேண்டும்.

படி 5: வாயு வரும் வழியைத் துண்டியுங்கள்

தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டும் என்றால், நைட்ரஜன் வால்வை மூடிவிட்டோம் என்ற சொல் போதாது. வால்வின் இருக்கை தேய்ந்திருக்கும். வேறொருவர் வேறொரு வேலைக்காக அதைத் திறந்துவிடுவார். குழாயின் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் ஃபிளேஞ்சுகளுக்கு (குழாய்களை இணைக்கும் வளையத் தட்டுகளுக்கு) இடையே இரும்புத் தகடு செருகுங்கள். இரண்டும் இயலாத இடத்தில் மட்டும், இரண்டு வால்வுகளை மூடி, நடுவிலுள்ள வடிகாலை வெளிக்காற்றுக்குத் திறந்து வைக்கும் முறையைக் கடைப்பிடித்து, ஒவ்வொன்றிலும் பூட்டும் பெயர்ச் சீட்டும் மாட்டுங்கள். தொட்டிக்குள் வரும் குழாய்கள் எத்தனை என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லாமல், தொட்டியைச் சுற்றி நடந்து எண்ணிச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் ஓடிய ஆலையில் வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்றாவது இருக்கும்.

படி 6: வெளியிலிருந்து அளந்து, எழுத்தில் அனுமதி கொடுங்கள்

தொட்டிக்குள் காற்றை நன்கு ஊதி, உள்ளிருந்த வாயுவை வெளியேற்றிய பிறகு, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் நீண்ட உறிஞ்சுக் குழாயை இறக்கி அளக்க வேண்டும். குழாய் நீளமானால் வாயு கருவியை வந்தடையத் தாமதம் ஆகும். எண் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருங்கள். அளப்பவர் மேன்ஹோலுக்குள் தலையை நீட்டக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

இந்தத் தடையை மிகையானது என்று நினைப்பவர்கள் 2005ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் உள்ள வலேரோ சுத்திகரிப்பு ஆலையில் நடந்ததை அறிய வேண்டும். நைட்ரஜன் விடப்பட்டுக்கொண்டிருந்த ஓர் உலைக்கலத்துக்குள் ஒட்டுநாடாச் சுருள் ஒன்று கிடந்தது. அதை மேலிருந்தே கம்பியால் எடுக்க முயன்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் உள்ளே போய் மயங்கினார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார், இருவரும் இறந்தனர். திறந்த வாயிலிருந்து நைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருந்தால், வாயைச் சுற்றிலும் ஆக்சிஜன் இல்லாத ஒரு வளையம் உருவாகும் என்பதை விசாரணை அறிக்கை வலியுறுத்தியது. அந்த வாயில் நைட்ரஜனைப் பற்றிய எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை.

அறிவிப்புப் பலகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘நுழையாதே’ என்று எழுதுவதைவிட, ‘உள்ளே ஆக்சிஜன் இல்லை, இரண்டு மூச்சில் மரணம்’ என்று எழுதுவது நல்லது. தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களில் இன்று ஒப்பந்த வேலைக்கு வருவோரில் பலர் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசுகிறவர்கள். அவர்கள் படிக்க முடியாத பலகை சுவருக்கு அலங்காரம் மட்டுமே.

1948ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 36ஆம் பிரிவில் இதற்கு அடிப்படை வகுத்தது: தகுதி பெற்ற ஒருவர் தாமே சோதித்து, ஆள் நுழையத் தக்கது என எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் நுழைபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். என் கருத்தில் சான்று, கயிறு இரண்டுமே வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று வாதிடுவது சட்டத்துக்குப் பொருந்தினாலும் உயிருக்குப் பொருந்தாது. பெர்மிட் எனப்படும் இந்த எழுத்து அனுமதி ஒரு ஷிஃப்டுக்கு மேல் செல்லக் கூடாது. தேநீர் இடைவேளைக்கு எல்லோரும் வெளியே வந்துவிட்டால், திரும்ப இறங்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும்.

படி 7: உள்ளே ஆள் இருக்கும்போது

உள்ளிருப்பவரின் சட்டைக் கழுத்தருகே சிறு ஆக்சிஜன் அளவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே ஒரு காவலர் தொட்டியின் வாயை விட்டு நகராமல் இருக்க வேண்டும். காவல் வேலைக்குப் புதிதாக வந்த உதவியாளரையோ, வேறு வேலை செய்ய இயலாதவரையோ நிறுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. மேலாளரே இறங்கச் சொன்னாலும் மறுக்கவும், உள்ளிருப்பவரைக் கூப்பிட்டு வெளியேற்றவும், எந்தச் சூழலிலும் தாம் இறங்காமல் இருக்கவும் மன உறுதி உள்ளவரே அந்த இடத்துக்குத் தகுந்தவர். அவரிடம் செல்பேசியோ வாக்கி-டாக்கியோ இருக்க வேண்டும். கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை எதையும் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

தூசி முகமூடியும் வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடியும் இங்கே எந்தப் பயனும் தராதவை. அவை நஞ்சை வடிகட்டுமே தவிர, இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கா. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வேலை செய்தே தீர வேண்டுமானால் முதுகில் சுமக்கும் காற்றுக் கலனோ, வெளியிலிருந்து வரும் சுவாசக் காற்றுக் குழாயோடு தப்பிக்கும் சிறு கலனோ கட்டாயம்.

ஆர்கான் பர்ஜ் வேலைக்கு உரிய தனி முறை

துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களையும் தொட்டிகளையும் வெல்டிங் செய்யும்போது மறுபக்கத்தில் ஆர்கான் நிரப்புவது (இதுவே பர்ஜ்) நம் பகுதித் தொழிற்கூடங்களில் அன்றாடம் நடப்பது. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த பின்னும் ஆர்கான் குடத்தில் ஊற்றிய தண்ணீர்போலத் தொட்டியின் அடியில் தங்கியிருக்கும். மேலே மேன்ஹோலில் மின்விசிறி வைத்து ஊதினால் மேற்பகுதிதான் அசையும். காற்றுக் குழாயை அடிவரை இறக்கி ஊத வேண்டும், அல்லது அடியிலுள்ள வடிகாலைத் திறந்து உறிஞ்ச வேண்டும்.

வெல்டிங் டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டு உணவுக்குப் போவதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. டார்ச்சின் வால்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் கசிவு இருந்தால், முக்கால் மணி நேரத்தில் 225 லிட்டர் ஆர்கான் சேரும். 2 கன மீட்டர் கொள்ளும் தொட்டியில் சீராகக் கலந்தாலே ஆக்சிஜன் 18.6க்கு இறங்கிவிடும், கலக்காமல் அடியில் படிந்தால் அங்கே மூச்சுவிட ஏதுமில்லாத அடுக்கு உருவாகும். படுத்தோ மண்டியிட்டோ வேலை செய்பவர் அதற்குள்தான் முகத்தை வைப்பார். இடைவேளைக்கு வெளியேறும்போது டார்ச்சையும் குழாயையும் தொட்டிக்கு வெளியே எடுத்துவிட்டு, சிலிண்டரின் வால்விலேயே வாயுவை மூடுங்கள். ரெகுலேட்டரைத் தளர்த்தியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

படி 8: ஒருவர் விழுந்துவிட்டால்

மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து கெய்ன்ஸ்வில்லில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் உறைவிப்பான் நிரம்பி வழிந்து திரவ நைட்ரஜன் அறையைச் சூழ்ந்தது. திரவ மட்டத்தை அளக்கும் குழாய் வளைந்து போயிருந்ததால் கருவி நிரம்பியதை உணரவில்லை, அறையில் ஆக்சிஜன் அளவியும் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கவும் காப்பாற்றவும் அந்தப் பகுதிக்குள் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மொத்தம் ஆறு பேர் இறந்தனர்.

விழுந்து கிடப்பவர் உடன் வேலை செய்தவராகவோ உறவினராகவோ இருக்கும்போது, ஓடிப்போய்த் தூக்காமல் நிற்பது மனித இயல்புக்கு மாறானது. இதை அறிவுரையால் மாற்ற முடியாது. பயிற்சியாலும் ஏற்பாட்டாலும்தான் மாற்ற முடியும். வாயின் மேல் முக்காலியும் சுழல் உருளையும் நிறுத்தி, உள்ளிருப்பவரின் உடற்பட்டையோடு கயிற்றை முன்பே இணைத்து வைத்திருந்தால் காவலருக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்: அவர் கைப்பிடியைச் சுழற்றுவார், இறங்க மாட்டார். கயிறு கட்ட முடியாத இடமென்றால், சுவாசக் கருவி அணிந்த இருவர் தயாராக நிற்காமல் பெர்மிட்டே கொடுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது எடை கட்டிய பொம்மையை இறக்கி, எடுத்துப் பழகுங்கள்.

வரிசை இதுதான். காவலர் குரல் கொடுத்து, வாயுவின் முதன்மை வால்வை மூடச் செய்து, உதவியை அழைக்கிறார், கயிற்றால் இழுக்கிறார், அதே நேரத்தில் காற்றூதி முழு வேகத்தில் ஓடுகிறது. வெளியே வந்தவரைத் திறந்த வெளிக்கு நகர்த்தி, மூச்சு இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி, செயற்கை மூச்சும் கொடுக்கத் தொடங்குங்கள். ஆக்சிஜன் இழப்பால் விழுந்தவருக்கு மார்பு அழுத்தம் மட்டும் போதாது. 108க்கு அழைக்கும்போது ‘நைட்ரஜன் தொட்டியில் மூச்சடைப்பு’ என்று வாயுவின் பெயரோடு சொல்லுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்தால் அவர்களிடமும் அதையே முதலில் சொல்லுங்கள், அவர்களும் கருவியின்றி இறங்கிவிடக் கூடாது. தானே எழுந்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

அதன் பிறகு அந்தத் தொட்டியின் பெர்மிட்டை நீக்கி, வாயைத் தடுப்பு வைத்து மூடி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். அளவிகளில் பதிவான எண்களை யாரும் அழித்துவிடாமல் கருவியை அப்படியே எடுத்து வையுங்கள். வால்வுகள் இருந்த நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாயு எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து, அந்த வழியைத் துண்டித்து, படி 5இலிருந்து புதிதாகத் தொடங்கும்வரை அந்த இடத்தில் வேலை நடக்கக் கூடாது.